பனையிலிருந்து விழுந்தவர் எழுந்து நடப்பாரா?

நாஞ்சில் நாடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நெல்வயல்தான். பழையாறு பாயும் பச்சை வயல்களும், அவற்றுக்குப் பின்னால் சுவர்போல் எழுந்து நிற்கும் மலையும் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் வயலை விட்டு மேட்டு நிலத்துக்கு ஏறினால் காட்சி மாறிவிடும். செம்மண்ணும் பனையும்! தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் 1956-ம் ஆண்டு நவம்பர் முதல் தேதி சென்னை ராஜ்யத்துடன் இணைந்து கன்னியாகுமரி ஜில்லாவாக ஆயின. அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்தப் பனைதான். இன்று பனையேறுகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் தொழில் அற்றுப் போய்விடவில்லை.

வெள்ளென எழுந்து பனங்காட்டுக்குப் போகிறவரைப் பாருங்கள். காலில் திளாப்பு. இடுப்பில் அரிவாள் பெட்டி. சாய்த்து வைத்துக் கால் ஊன்றி ஏற ஒரு முருக்குத்தடி. அறுபது, எழுபது அடி உயரம் ஏறி, பாளையைச் சீவி, கலயத்தில் ஊறியிருக்கும் அக்கானியைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு இறங்க வேண்டும். (மற்ற ஜில்லாக்காரர்கள் அதைப் பதநீர் என்பார்கள்.) காலையில் ஒரு தடவை, மாலையில் மறுபடி ஒரு தடவை. ஒரு மரம் அல்ல, வரிசையாகப் பல மரங்கள். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு இல்லை. கீழே வலையும் கிடையாது. மட்டை ஒன்று முறிந்தாலும், மழை ஈரத்தில் மரம் வழுக்கினாலும், குளவி ஒன்று கொட்டினாலும், அடுத்தது தரைதான்.

அப்படி விழுகிறவர்களில் பலர் உயிர் தப்பிவிடுகிறார்கள். தென்னையிலிருந்து விழுகிறவரும், கட்டடச் சாரத்திலிருந்து விழுகிறவரும் அப்படியே. காலூன்றியோ பிருஷ்டம் தரையில் மோதியோ விழுந்து, நினைவு தவறாமல், "ஒன்றுமில்லை, முதுகு மட்டும் வலிக்கிறது" என்று சொல்கிறவர்கள் உண்டு. கதை அங்கேதான் ஆரம்பமாகிறது.

கலயம் உடைவது போல

மனிதனின் முதுகில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே உள்ளவை ஒட்டிப்போனவை. ஒவ்வோர் எலும்புக்கும் இடையில் மெத்தைபோல் ஒரு வட்டு. அந்த வட்டின் நடுவில் நுங்கைப்போல் வழுவழுப்பான ஒரு பொருள். அடுக்கின் பின்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு குழாய். அந்தக் குழாய்க்குள்தான் மூளையின் கட்டளைகளைக் கால்வரை கொண்டுபோகும் தண்டுவடம் ஓடுகிறது.

உயரத்திலிருந்து விழுகிறவரின் உடல் பாரம் முழுவதும் ஒரு கணத்தில் இந்த அடுக்கின்மேல் இறங்குகிறது. மார்புப் பகுதி விலா எலும்புக் கூட்டோடு பிணைந்திருப்பதால் விறைப்பாக நிற்கும். இடுப்புப் பகுதி வளைந்து கொடுக்கும். விறைப்பும் வளைவும் சந்திக்கும் இடம், மார்பின் 12-வது எலும்பும் இடுப்பின் முதல் எலும்பும். முறிவு பெரும்பாலும் அங்கேதான்.

எல்லா முறிவும் ஒன்றல்ல. பித்தளைச் செம்பு கைதவறி விழுந்தால் ஒரு பக்கம் ஒடுங்கிப் போகும். செம்பு செம்பாகவே இருக்கும். முள்ளெலும்பின் முன்பக்கம் மட்டும் நசுங்குவது அந்த வகை. ஆனால் மண்கலயம் விழுந்தால் நாலா பக்கமும் சிதறுகிறது அல்லவா? மேலேயுள்ள நுங்கு போன்ற பொருள் எலும்பின் மேல்தட்டைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்க, எலும்பு உள்ளிருந்து வெடித்துச் சில்லுச் சில்லாகிவிடும். இதற்கு 'வெடிப்பு முறிவு' என்று பெயர். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த இங்கிலாந்தின் ஷெபீல்டு வட்டாரத்தில் வேலை பார்த்த ரண சிகிச்சை நிபுணர் ஸர் பிராங்க் ஹோல்ட்ஸ்வொர்த், 1963-ல் முதுகெலும்பு முறிவுகளை வகை பிரித்து எழுதியபோது இந்தப் பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தார்.

சிதறிய சில்லு முன்பக்கம் போனால் பெரிய கேடில்லை. பின்பக்கம் போனால் குழாய்க்குள் நுழைந்துவிடும். அதிலும் ஒரு பொல்லாத பொருத்தம் இருக்கிறது. தண்டுவடம் முதுகின் அடிவரை போவதில்லை. பெரும்பாலோருக்கு இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது எலும்பின் அளவில் முடிந்து, அதற்குக் கீழே குதிரைவால்போல் நரம்புக் கற்றையாகப் பிரிகிறது. எலும்பு வெடிக்கும் இடமும் தண்டுவடம் முடியும் இடமும் ஏறக்குறைய ஒன்றே! சிறுநீரையும் மலத்தையும் அடக்கவும் கழிக்கவும் உதவும் நரம்புகளின் தலைமையிடமும் அந்த நுனியில்தான் இருக்கிறது. ஆகவே கால் நன்றாக அசைந்தும், சிறுநீர் போகாமல் வயிறு ஊதிப்போய் வருகிறவர்கள் உண்டு. "கால் அசைகிறதே, என்ன பயம்?" என்று வீட்டில் வைத்துக்கொள்வது தவறு.

குதிகால் முறிந்து வருகிறவரின் முதுகையும் டாக்டர்கள் சோதிப்பார்கள். ஏன் என்று வீட்டார் வியப்பதுண்டு. காலூன்றி விழுந்தவருக்குக் குதிகாலில் ஏறிய அதிர்ச்சி அங்கேயே நிற்பதில்லை, முதுகுவரை ஏறும்.

தூக்குகிறவர் கையில்

பனங்காடு சாலையோரத்தில் இருப்பதில்லை. விழுந்த சத்தம் கேட்டு ஓடி வருகிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஒருவர் கக்கத்தில் கை கொடுப்பார். மற்றொருவர் காலைப் பிடிப்பார். நடுவில் முதுகு தொட்டில்போல் வளையும். பிறகு ஆட்டோவில் உட்காரவைத்து, மேடு பள்ளத்தில் குலுக்கிக்கொண்டு பயணம். மரத்திலிருந்து விழுந்தபோது நரம்புக்கு ஒரு விரல்கடை தள்ளி நின்ற சில்லு, இந்த உபசாரத்தில் உள்ளே புகுந்துவிடலாம். நடக்கக்கூடியவராக விழுந்தவர் நடக்க முடியாதவராக ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவது இப்படித்தான்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. விழுந்தவரை உட்காரவைக்கக் கூடாது. கால் விரலை அசைக்கச் சொல்லிப் பார்க்கலாம்; எழுந்து நிற்கச் சொல்லக் கூடாது. 108-க்குத் தகவல் கொடுத்துவிட்டு, அவரை அசைக்காமல் காத்திருப்பதே நல்லது. தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டிலிருந்து இந்த ஆம்புலன்ஸ் ஓடுகிறது. தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் கழற்றிய கதவோ, பெஞ்சுப் பலகையோ வேண்டும். நாலு பேர் ஒரே பக்கம் மண்டியிட்டு, தலை, தோள், இடுப்பு, கால் நான்கும் ஒரே நேரத்தில் திரும்பும்படி, மரத்தடியை உருட்டுவதுபோல் ஒருக்களித்து உருட்டி, பலகையைக் கீழே செருக வேண்டும். தலையைப் பிடித்திருப்பவரே 'ஒன்று, இரண்டு, மூன்று' சொல்ல வேண்டும். குடிக்கத் தண்ணீர் கொடுப்பதும் வேண்டாம்; ஆபரேஷன் வேண்டியிருந்தால் அது தடையாகும்.

இன்னொன்று. கன்னியாகுமரி ஜில்லா வர்ம வைத்தியத்துக்குப் பேர்போனது. பிசகுக்கும் சுளுக்குக்கும் ஆசான்மாரிடம் போவது இங்கே தலைமுறைப் பழக்கம். ஆனால் உயரத்திலிருந்து விழுந்த முதுகு வேறு விஷயம். உள்ளே எலும்பு எப்படி உடைந்திருக்கிறது என்பது எந்தக் கைக்கும் தெரியாது. படம் எடுத்துப் பார்க்கும்வரை அந்த முதுகில் எண்ணெயும் வேண்டாம், தடவலும் வேண்டாம்.

நெய்யூருக்கு வந்த மலையேறி

முதுகு முறிந்தவரைக் கைவிடுவது உலகத்தில் பழைய வழக்கம். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எழுதப்பட்ட ஒரு வைத்தியச் சுருள் இருக்கிறது. 1862-ல் அதை வாங்கிய அமெரிக்கரின் பெயரால் 'எட்வின் ஸ்மித் சுருள்' என்று வழங்குகிறது. தலைகீழாக விழுந்து கழுத்தெலும்பு ஒன்றுக்குள் ஒன்று நசுங்கியவனைப் பற்றி அதில் ஒரு குறிப்பு உண்டு. இது சிகிச்சைக்கு அப்பாற்பட்டது என்பதே அதன் முடிவு. முதல் உலக யுத்தம்வரை நிலைமை பெரிதாக மாறவில்லை. முதுகில் குண்டு பட்டுக் கால் விளங்காமல் போன சிப்பாய்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் இறந்தார்கள்.

நாஞ்சில் நாட்டுக்கு நவீன வைத்தியம் வெகு முன்னதாகவே வந்துவிட்டது. லண்டன் மிஷன் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்ஸே 1838-ல் இங்கே பணி தொடங்கினார். அந்த வழியில் வளர்ந்ததுதான் நெய்யூர் ஆஸ்பத்திரி. 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன வெள்ளைக்காரக் கோஷ்டியில் ஹோவர்டு ஸாமர்வெல் என்ற ரண சிகிச்சை டாக்டர் ஒருவர் இருந்தார். அந்த ஆண்டு ஜூன் மாதம் பனிச்சரிவில் ஏழு சுமைகூலிகள் அடித்துச் செல்லப்பட்டு மாண்டபோது அவரும் அந்த மலைச்சரிவில் இருந்தார். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூரைப் பார்த்தார். நோயாளிக் கூட்டத்தின் நடுவே ஒரே ஒரு ரண சிகிச்சை டாக்டர்! லண்டனில் காத்திருந்த பதவியை விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட் போய் 28,000 அடிவரை ஏறித் திரும்பியதும் இங்கேதான். ஏறுவதும் விழுவதும் என்னவென்று அறிந்த மனிதர், ஏறிப் பிழைக்கும் ஜனங்களின் நடுவே வந்து சேர்ந்தார் என்பது ஒரு விசித்திரம்தான்.

வயிற்றுப்புண் ஆபரேஷனில் ஸாமர்வெல் பெயர் பெற்றவர். ஆனால் முதுகெலும்புக்கு அந்தக் காலத்தில் உலகில் எந்த டாக்டரிடமும் பெரிய ஆயுதம் இல்லை. முதுகைப் பின்னோக்கி வளைத்து, மாவுக்கட்டுச் சட்டை போட்டு, மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் சிகிச்சை. வியன்னாவில் போலரும் இங்கிலாந்தில் வாட்ஸன்-ஜோன்ஸும் அதையே செய்தார்கள்.

ஆணியும் கம்பியும்

திருப்பம் வேறொரு நோயிலிருந்து வந்தது. இளம்பிள்ளை வாதத்தால் முதுகு கோணிய குழந்தைகளுக்காக அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பால் ஹாரிங்டன் என்பவர் 1950-களில் எஃகுக் கம்பியும் கொக்கியும் செய்தார். அதே கம்பி பிறகு முறிந்த முதுகுக்கும் வந்தது. அதில் ஒரு குறை. ஓர் எலும்பு முறிந்ததற்காக மேலும் கீழும் பல எலும்புகளை விறைப்பாக்க வேண்டியிருந்தது. பாரிஸில் ரேமான் ரோய்-கமீல் 1963-ல் வேறு வழி கண்டார். ஒவ்வொரு முள்ளெலும்பிலும் பின்புறத்திலிருந்து முன்புறத்துக்குப் போகும் இரண்டு காம்புகள் உண்டு. அந்தக் காம்பின் வழியாக மறையாணியை முடுக்கிவிட்டால் எலும்பு முழுவதும் பிடிக்குள் வந்துவிடும்! சுவிட்சர்லாந்தில் மாகெர்ல், டிக் ஆகியோர் 1970-களிலும் 80-களிலும் இதைச் செப்பனிட்டார்கள். அதன்பிறகு முறிந்த எலும்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று பிடித்தாலே பல நேரம் போதும் என்றாயிற்று.

ஆபரேஷன் மேஜையில் நோயாளி குப்புறப் படுத்திருப்பார். வயிறு அழுந்தாதபடி மார்புக்கும் இடுப்புக்கும் அண்டை கொடுத்திருப்பார்கள். அப்படிப் படுக்கவைப்பதிலேயே முறிந்த எலும்பு ஓரளவு நிமிர்ந்துவிடும். டாக்டர் முதுகைத் திறந்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஆணிகளை முடுக்குகிறார். காம்பின் கனம் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத இடங்கள் உண்டு. ஆணி உட்பக்கம் சற்று விலகினால் தண்டுவடம். கீழ்ப்பக்கம் தவறினால் நரம்பின் வேர். கை நடுங்காத டாக்டருக்கும் இங்கே மூச்சு நிற்கும்.

ஆணிகளைக் கம்பியால் இணைத்து, மேலெலும்பையும் கீழெலும்பையும் மெல்ல விலக்குகிறார்கள். எலும்புகளின் பின்முதுகில் நெடுக ஒரு நாண் ஓடுகிறது. தொய்ந்திருந்த அந்த நாண் விறைக்கும்போது, குழாய்க்குள் புகுந்திருந்த சில்லைத் தானே முன்னோக்கித் தள்ளிவிடுகிறது. தொய்ந்த கயிற்றுக் கட்டிலை இழுத்துக் கட்டினால் நடுப்பள்ளம் மேலெழுமே, அதுபோல! விழுந்த சில நாட்களுக்குள் செய்தால்தான் இது பலிக்கும். நாள் கடந்தால் சில்லு இருந்த இடத்தில் ஒட்டத் தொடங்கிவிடும். நாணே அறுந்து போயிருந்தால் இந்த வித்தை நடக்காது. அப்போது பின்புறத்து எலும்புக் கூரையை அகற்றி இடம் பண்ணுவார்கள். அல்லது விலாப்பக்கமாகப் போய், நொறுங்கிய எலும்பையே எடுத்துவிட்டு உலோகக் கூடு ஒன்றை முட்டுக்கொடுப்பார்கள். எலும்பு மிகவும் தூளாகிவிட்டிருந்தால் ஆணி மட்டும் பாரம் தாங்காது, முறிந்தும் போகும். 1994-ல் அமெரிக்க டாக்டர்கள் இதை ஆராய்ந்து, எந்த முறிவுக்கு முன்னால் முட்டு வேண்டும் என்று கணக்குச் சொன்னார்கள்.

இவ்வளவும் எதற்கு? தண்டுவடத்தை ஒட்டுவதற்கா? இல்லை. அறுந்த தண்டுவடத்தை ஒட்டும் டாக்டர் இன்றைய உலகில் இல்லை. நசுங்கிய நரம்புக்கு இடம் கொடுப்பது, மேலும் நசுங்காமல் எலும்பை நிறுத்துவது, இவையே ஆபரேஷனின் வேலை. பாதி உயிருள்ள நரம்புக்கு அது பெரிய உதவி. முற்றும் செத்த நரம்பை அது எழுப்பாது. ஆனாலும் அவரைச் சீக்கிரம் உட்காரவைக்க உதவும். படுக்கையில் கிடந்து அழுகுவதிலிருந்து காப்பாற்றும். இந்த உண்மையை ஆபரேஷனுக்கு முன்பே வீட்டாருக்குச் சொல்லிவிடுவதுதான் முறை.

கத்தி வேண்டாதவர்கள்

எலும்பு வெடித்துவிட்டது என்றாலே ஆபரேஷன் என்று நினைப்பவர்கள் பலர். அப்படியல்ல. பிலடெல்பியாவின் அலெக்ஸாண்டர் வக்காரோவும் அவர் கூட்டாளிகளும் 2005-ல் ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். எலும்பு வெடித்திருந்தால் 2. நரம்பு நன்றாக இருந்தால் 0. பாதி சேதம் என்றால் 3. பின்புறத்து நாண்கள் உறுதியாக இருந்தால் 0, அறுந்திருந்தால் 3. கூட்டிப் பார்த்து 3-க்குள் இருந்தால் கத்தி வேண்டாம். 5-ம் அதற்கு மேலும் ஆபரேஷன். 4 என்றால் டாக்டரின் யுக்தம். கால் அசைகிற, நாண் அறுபடாத மனிதருக்கு வெடிப்பு முறிவிருந்தும் 2-தான்!

அமெரிக்காவில் உட் என்ற டாக்டரின் குழு, நரம்பு சேதம் இல்லாத 47 பேரை ஆராய்ந்து 2003-ல் முடிவை வெளியிட்டது. சீட்டுப் போட்டுப் பிரிப்பதுபோல் சிலருக்கு ஆபரேஷன், சிலருக்கு மாவுக்கட்டோ இடுப்புச் சட்டையோ. வலியிலும் வேலைத்திறனிலும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத் தனி ஆதாயம் தெரியவில்லை. பதினாறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அவர்களையே தேடிப் பிடித்துப் பார்த்தபோது, கத்தி படாதவர்களே வலி குறைவாக இருந்தார்கள். 2015-ல் அச்சேறிய செய்தி இது. கோவை கங்கா ஆஸ்பத்திரியின் முதுகெலும்பு நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரனும், நரம்பு கெடாத வெடிப்பு முறிவுகளில் ஆபரேஷன் இல்லாத சிகிச்சைக்கு உள்ள இடத்தைப் பற்றி 2010-ல் ஐரோப்பியச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். நாள்தோறும் ஆணி முடுக்குகிற கையே இதை எழுதியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இயற்கையும் சும்மா இருப்பதில்லை. குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்த சில்லு, ஓராண்டில் பெருமளவு கரைந்து வழிவிடுவதைப் படங்களில் காணலாம்.

ஆகவே, பெரிய ஆஸ்பத்திரியில் "ஆபரேஷன் வேண்டாம், சட்டை போட்டுக்கொண்டு மூன்று மாதம் இருங்கள்" என்று சொன்னால், ஏழை என்பதால் தள்ளிவிட்டார்கள் என்று வருந்த வேண்டியதில்லை. நரம்பும் நாணும் நன்றாக இருக்கின்றன என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். மாறாக, கால் மரத்துப்போய் வந்தவருக்கு ஒவ்வொரு மணியும் கணக்கு. முன்பெல்லாம் இப்படி விழுந்தவரைத் திருவனந்தபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ கொண்டு ஓடுவார்கள். இரண்டுமே நாகர்கோவிலிலிருந்து 65 கிலோமீட்டருக்குக் குறையாது. 2001-ல் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபின் ஜில்லாவுக்குள்ளேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது.

சக்கர நாற்காலியிலிருந்து

இனி எழுந்து நடக்கவே மாட்டார் என்று தெரிந்துவிட்டவருக்கு? இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1944-ல், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் எளிய காரியம் ஒன்றைப் பிடிவாதமாகச் செய்தார். இரண்டு மணிக்கு ஒரு தடவை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தார். சிறுநீர்ப் பையைச் சுத்தமாகப் பராமரித்தார். எழுப்பி உட்காரவைத்து விளையாடச் செய்தார். சாக வேண்டியவர்கள் பிழைத்தார்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் பாதையைத் திறந்தவர் தாமே முதுகு முறிந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ், 1954 ஜனவரியில் கார் கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1960-களில் வேலூரில் மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவை ஏற்படுத்தினார்.

நாஞ்சில் நாட்டுக்கு இன்னும் அருகில், தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. அவ்வூர் எஸ். ராமகிருஷ்ணன் என்ஜினீயரிங் மாணவராக இருந்தபோது, 1975-ல், கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்பயிற்சியில் உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. தமக்குச் சிகிச்சை செய்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் நினைவாக 1981-ல் 'அமர் சேவா சங்கம்' தொடங்கினார். ஊனமுற்ற குழந்தைகளுக்குப் பள்ளியும் முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்குப் பயிற்சியும் அங்கே நடக்கின்றன.

எழுந்து நடந்துவிட்டவர்களின் கதை இன்னொன்று. ஆணி போட்டவரோ, சட்டையோடு காத்திருந்தவரோ, மூன்று மாதத்தில் எழுந்து நடமாடுவார். அப்போது உடன் வந்த மனைவி டாக்டரிடம் முதலில் கேட்பது வலியைப் பற்றி அல்ல. "இவிய இனி பனை ஏறலாமா?" என்பதுதான். பெரும்பாலும் கிடைக்கும் பதில், 'வேண்டாம்'. பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பேர் பதிந்திருந்தால் விபத்து உதவிக்கு விண்ணப்பிக்கலாம். பதியாதவருக்கு அதுவும் இல்லை. அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றும் அடுப்படி வேலை, காலங்காலமாக வீட்டுப் பெண்களுடையது. மரத்தை விட்டு இறங்கியவர் அந்த அடுப்பின் பக்கத்தில் ஓலை முறித்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்கானி இறக்க வேறு ஆள் தேட வேண்டும். அந்த ஆள் இந்நாளில் லேசில் கிடைப்பதில்லை.